யாழ்ப்பாணம் போகும் பிக்கப்புக்கு நம் நாட்டு டயர்



இம்முறை எமது பாடம் டயரைப் பற்றியது. "கொழுந்து எடுக்கிற நமக்கு டயர்ப் பாடம் எதுக்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. மலையில் விளையும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போவதும், அங்கிருந்து சின்ன வெங்காயம், கருவாடு, பனங்கட்டி ஏற்றிக்கொண்டு திரும்புவதும் இன்று நம் இளைஞர் சிலருக்குப் பிழைப்பாகி இருக்கிறது. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களால் தோட்டங்களை விட்டுப் போய் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய நம் சொந்தக்காரர்களும் அந்த வழியில்தான் இருக்கிறார்கள். கல்யாணம், காரியம் என்றால் குடும்பமாகப் பிக்கப்பில் ஏறிப் போகிறோம். அத்தனை பேரின் உயிரும் நான்கு டயர்களின் மேல் போகிறது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான்.

கூட்டாகப் பணம் போட்டுப் பழைய பிக்கப் வாங்கும் பிள்ளைகள் எம்மிடம் கேட்பது இதுதான்: "சேர், நம்ம நாட்டுலயே செஞ்ச டயர் இருக்கா? யாழ்ப்பாணத்துல டயர் போனா அங்க கிடைக்குமா? அது தாங்குமா?"

விடையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டு டயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கிடைக்கிறது. சரியானதைப் போட்டால் தாங்கும். ஆனால் கடைக்காரரின் வாயைப் பார்த்து வாங்கக் கூடாது. டயரின் சுவரைப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் வண்டிக்கும் பாரத்துக்கும் பொருத்தமான டயரா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்நாட்டு டயரா வெளிநாட்டு டயரா என்ற பேச்சு. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் ஆபத்து.

டயரும் நம் தொழிலாளரும்

காற்றடைத்த டயரை 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜோன் டன்லப் என்ற மிருக வைத்தியர் செய்தார். முதலில் சைக்கிளுக்கும், பிறகு மோட்டார் வண்டிக்கும் அது போனது. உலகத்துக்கு இறப்பர் பெருவாரியாகத் தேவைப்பட்டது.

அதற்கு முன்பே, 1876ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டு விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த சுமார் 1,900 இறப்பர் கன்றுகள் கப்பலில் இலங்கைக்கு வந்திருந்தன. கம்பஹாவில் உள்ள ஹேனரத்கொடைத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கே விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு. தேயிலை மலையில் இருக்கும் நமக்கு இறப்பர் மலையில் மாமன், மச்சான், சம்பந்தி இல்லாத குடும்பம் குறைவு. 1952ஆம் ஆண்டில் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி அரிசிக்குப் பதிலாக இறப்பரைக் கொடுத்தது நம் நாடு. ஊர் முழுக்கச் சோறு தின்றதில் அந்தப் பால் வெட்டிய கைகளுக்கும் பங்கு உண்டு.

இறப்பர் இருந்தும் வெகுகாலம் நாம் டயரை வெளியிலிருந்துதான் வாங்கினோம். 1960களில் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் அரசாங்கத்தின் டயர்க் கூட்டுத்தாபனம் ஆலை அமைத்தது. 1990களில் அது தனியார் கைக்கு மாறியது. 1999ஆம் ஆண்டில் அந்தக் களனிக் கொம்பனியும் இந்தியாவின் சியெட் கொம்பனியும் கூட்டுச் சேர்ந்தன. இன்று கார், வான், பிக்கப், லொறி ஆகியவற்றுக்கு உள்நாட்டில் டயர் செய்பவர்களில் முதன்மையானது அந்தக் கூட்டுக் கொம்பனிதான்.

டி.எஸ்.ஐ. என்ற பெயரில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் டயர்கள் நம் நாட்டிலேயே தயாராவது பலருக்கும் தெரியும். தொழிற்சாலைகளில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகளுக்கான திட டயர்களை ஏற்றுமதி செய்வதிலும் இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர் உண்டு. ஆனால் திட டயருக்குள் காற்று இல்லை. அது மெதுவாக ஓடும் வண்டிக்குரியது. நம் பிக்கப்புக்கு உதவாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டயர் முழுக்க இறப்பர்ப் பால் அல்ல. கரும்புகைத் தூள், செயற்கை இறப்பர், நைலோன் நூல், உருக்குக் கம்பி, கந்தகம் எல்லாம் சேர்கின்றன. இவற்றில் பல வெளியிலிருந்து வருகின்றன. ஆகையால் "நம் நாட்டு டயர்" என்றால் நம் நாட்டு ஆலையில் உருவான டயர் என்றுதான் பொருள். டொலர் ஏறினால் அதன் விலையும் ஓரளவு ஏறும். உள்நாட்டு டயர் கூடுதலாக விற்றால் பால் வெட்டுபவரின் சம்பளம் தானாகக் கூடிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. சம்பளம் வேறு இடத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

யாழ்ப்பாணம் பட்ட பாடு

உள்நாட்டு டயர் ஏன் முக்கியம் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல அறிந்த இடம் நாட்டில் வேறில்லை. படத்தை எடுத்துப் பாருங்கள். குடாநாட்டைச் சுற்றிக் கடல். பெருநிலத்தோடு சேரும் கழுத்துப் போல ஆனையிறவு. கண்டியிலிருந்து வரும் ஏ9 வீதி அதன் வழியாகத்தான் போகிறது. அந்தக் கழுத்தை நெரித்தால் உள்ளே சாமான் போகாது.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு அதுதான் நடந்தது. எரிபொருள் முதற்கொண்டு பல சாமான்கள் குடாநாட்டுக்குள் போவது தடுக்கப்பட்டது. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்யப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகத்துக்கு அலைச்சல். பெரும்பாலான மக்களுக்குச் சைக்கிளே வாகனம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோதும் மூட்டை முடிச்சைச் சுமந்தவற்றில் சைக்கிள்களே அதிகம். தேய்ந்த டயரை வீசுவது என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. களனியில் ஆலை ஓடியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர்தான். ஆனால் பாதை பூட்டியிருந்தால் பக்கத்து ஊரும் வெளிநாடுதான்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 திறந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மறுபடி பூட்டப்பட்டது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னர்தான் வண்டிகள் தொடர்ச்சியாக ஓடத் தொடங்கின. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் பூநகரி வழியாகவும் குடாநாட்டுக்குள் போக முடிந்தது. அதன் பிறகுதான் நம் மரக்கறி வண்டிகள் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் தாராளமாகப் போக ஆரம்பித்தன.

யாழ்ப்பாணம் தனியாகப் பட்ட தட்டுப்பாட்டை 2020ஆம் ஆண்டில் முழு நாடும் ஒரு பங்கு பட்டது. டொலர் இல்லை என்று வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் நிலைமை இன்னும் மோசமாகிப் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த நேரத்தில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு உள்நாட்டு ஆலையின் அருமை தெரிந்தது. பிறகு கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் மறுபடி தொடங்கியது. இன்று கடையில் பல நாட்டு டயர் அடுக்கி இருக்கிறது. அடுக்கி இருப்பதால்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர் வேறு, பிறந்த இடம் வேறு

பலரும் தடுமாறும் இடம் இது. டயரின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனியின் பெயர். அதை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது.

சியெட் என்ற பெயர் 1924ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தது. 1958இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இந்தியக் கொம்பனி. அதே பெயரில் களனியிலும் டயர் வார்க்கிறார்கள். ஆகவே ஒரே பெயர் உள்ள இரண்டு டயரில் ஒன்று இந்தியாவிலும் மற்றது இலங்கையிலும் பிறந்ததாக இருக்கலாம். 2021 ஜனவரியில் ஹொரணையில் ஃபெரென்டினோ என்ற டயர் ஆலை திறக்கப்பட்டது. பெயரைக் கேட்டால் இத்தாலி போல இருக்கும். ஆலை இருப்பது களுத்துறை மாவட்டத்தில். பிரான்ஸ் நாட்டு மிஷெலின் கொம்பனிக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஆலை இருக்கிறது. எம்.ஆர்.எஃப். கொம்பனியோ 1946இல் சென்னை திருவொற்றியூரில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கி, பின்னர் டயருக்கு வந்தது; அது நமக்கு இறக்குமதி டயர்.

அப்படியானால் பிறந்த இடத்தை எப்படி அறிவது? டயர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் விடை கிடைக்கும். நூல் அடுக்கு, கம்பி, இறப்பர்ப் பட்டி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, கடைசியில் ஓர் இரும்பு அச்சுக்குள் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து வேக வைக்கிறார்கள். நம் வீட்டில் அச்சில் வைத்துப் பலகாரம் செய்வது போல. அச்சில் என்ன எழுத்து வெட்டியிருக்கிறதோ அது டயரின் சுவரில் மேடாகப் பதிந்துவிடும். அதை யாரும் கடையில் வைத்து மாற்றுவது கடினம். ஒட்டுக் கடதாசியை யாரும் ஒட்டலாம், கழற்றலாம். ஆகையால் கடதாசியை நம்பாதீர்கள். சுவரில் மேடாகப் பதிந்த எழுத்தில் "மேட் இன் ஸ்ரீலங்கா" என்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்தச் சொல்லைத் துண்டில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டயரின் சுவரை வாசிப்போம்

பிறந்த இடத்தைத் தவிர இன்னும் நான்கு விடயங்கள் சுவரில் இருக்கின்றன.

ஒன்று, அளவு. உதாரணமாக "195 ஆர் 14 சி" என்று இருந்தால், 195 என்பது டயரின் அகலம் மில்லிமீற்றரில். "ஆர்" என்றால் ரேடியல், அதாவது உள்ளே நூல் அடுக்கு நேர்குறுக்காக ஓடும் வகை. 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு அங்குலத்தில். கடைசியில் உள்ள "சி" என்ற எழுத்து, பாரம் ஏற்றும் வண்டிக்கானது என்பதைக் காட்டும். சில டயர்களில் "எல்.ரி." என்று இருக்கும்; அதுவும் சிறு லொறி வகைதான். இரண்டு எழுத்தும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது கார் டயர்.

இரண்டு, பலம். "8 பி.ஆர்." என்று இருந்தால் எட்டு அடுக்கு நூலுக்குச் சமமான பலம் என்று பொருள். உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்பதல்ல.

மூன்று, பார எண். அளவுக்குப் பின்னால் "106/104" போல ஓர் எண் இருக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

நான்கு, பிறந்த நாள். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். "1424" என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். இந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், திருப்பிப் பாருங்கள். கடையில் வருடக் கணக்கில் கிடந்த டயர் பூப் புதிதாக மின்னினாலும் இறப்பர் முதுமை அடைந்திருக்கும். ஐந்து வருடம் கழிந்த டயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் கழிந்தால், பூ இருந்தாலும், ஓட்ட வேண்டாம்.

பாரக் கணக்கு

இந்தக் கணக்கைப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்து பாருங்கள். பார எண் கிலோ அல்ல. ஒரு பட்டியலில் உள்ள இலக்கம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. "106/104" என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது ஒரு பக்கத்தில் ஒற்றை டயர் போடும் வண்டிக்கு; இரண்டாவது இரட்டை டயர் போடும் வண்டிக்கு.

இப்போது ஒரு பிக்கப்பில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை 20 ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 கிலோ. அதில் பெரும் பகுதி பின் அச்சின் மேல் விழும். வண்டியின் சொந்தப் பாரத்தில் ஒரு பங்கும் அங்கே விழும். பின் அச்சில் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று கொள்வோம். 88 இலக்கமுள்ள கார் டயர் இரண்டு போட்டிருந்தால் தாங்கக்கூடியது 560 × 2 = 1,120 கிலோ. 180 கிலோ அதிகம். 106 இலக்கமுள்ள டயர் இரண்டு என்றால் 950 × 2 = 1,900 கிலோ. தாராளம்.

"கார் டயர் மலிவாக் கிடைச்சிச்சு, ரிம்முக்கும் சரியா உக்காந்திருச்சு" என்று சொல்வதைக் கேட்கிறோம். உட்காருவது பெரிய காரியமல்ல. வவுனியா தாண்டி மாங்குளம் வரை வெயிலில் முழுப் பாரத்தோடு ஓடும்போதுதான் அது வெடிக்கும். அது நம் நாட்டு டயராக இருந்தாலும் வெடிக்கும். வெளிநாட்டு டயராக இருந்தாலும் வெடிக்கும். வண்டிக்குரிய அளவும் பார எண்ணும் சாரதியின் கதவோரம் ஒட்டியுள்ள தகட்டிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

எல்லா அளவும் உள்நாட்டில் வார்க்கப்படுவதில்லை. உங்கள் வண்டிக்குரிய அளவில் உள்நாட்டு டயர் இல்லாவிட்டால், சரியான அளவில் உள்ள இறக்குமதி டயரையே போடுங்கள். நாட்டுப்பற்றைக் காட்ட வேறு வழிகள் உண்டு.

மலைக் காற்றும் கரைக் காற்றும்

யாழ்ப்பாணம் போகும் நம் வண்டிகளுக்கு ஒரு விசேடம் இருக்கிறது. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். யாழ்ப்பாணம் கடல் மட்டம். விடியற்காலை 15 பாகைக் குளிரில் புறப்பட்ட வண்டி, அங்கே 32 பாகை வெக்கையில் நிற்கிறது.

குளிரில் 40 இறாத்தல் அடித்த டயரில், அந்த வெக்கைக்கு மட்டும் ஏறத்தாழ 3 இறாத்தல் கூடும். ஆனால் கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால், அளவுக் கருவியில் ஏறத்தாழ 3 இறாத்தல் குறைத்துக் காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகின்றன. ஆகவே யாழ்ப்பாணத்தில் காலையில் வண்டியை எடுக்குமுன் பார்த்து, 40 இருந்த இடத்தில் 33 காட்டினால், "இடம் மாறினதால குறைஞ்சிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். எங்கேயோ காற்றுப் போகிறது. ஆணியைத் தேடுங்கள்.

இன்னொன்று. ஓடி வந்த சூட்டில் அளந்தால் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. இறக்கினால், டயர் ஆறிய பிறகு காற்றுக் குறைவாகிவிடும். காற்றுக் குறைந்த டயர் சுவரில் மடிந்து மடிந்து ஓடும், சூடேறும், பாரத்தில் பிய்யும். காற்றைப் பார்க்க வேண்டியது காலையில், ஓடுமுன், டயர் ஆறி இருக்கும்போது. மேலதிக டயரையும் சேர்த்துப் பாருங்கள். அதை மறப்பவர்களே அதிகம்.

குடாநாட்டு ஒழுங்கைகளில் இன்னொரு கவனம் வேண்டும். பல இடங்களில் சுண்ணாம்புக் கல் நிலம். கல்லின் விளிம்பு கூர்மை. பனைமட்டை வேலியோரம் கருக்கு மட்டை விழுந்து கிடக்கும். ஒதுக்கி நிறுத்தும்போது டயரின் சுவர் உரசாமல் பாருங்கள். பூவில் ஏறிய ஆணியை ஒட்டலாம். சுவர் கிழிந்தால் ஒட்டு நிற்காது. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கரையோரம் போய் வந்தால் ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்று ரிம்மைத் துருவேற்றும். துருவேறிய விளிம்பால் காற்றுக் கசியும்.

கடையில் எப்படிப் பேசுவது

யாழ்ப்பாணம் நகரம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி ஆகிய ஊர்களில் டயர்க் கடைகள் உண்டு. "அண்ணே, நம்ம நாட்டு டயர் இருக்கா?" என்று கேட்டால், "ஓம் தம்பி, இருக்கு. என்ன சைஸ் வேணும்?" என்று கேட்பார். அளவைத் தெரிந்துகொண்டு போனவருக்கு அங்கேயே பாதி வேலை முடிந்தது. பிறகு இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. அளவும் "சி" அல்லது "எல்.ரி." எழுத்தும் வண்டித் தகட்டோடு ஒத்திருக்கின்றனவா?
2. பார எண் தகட்டில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கிறதா?
3. எங்கே தயாரானது என்று மேடான எழுத்தில் இருக்கிறதா?
4. வாரமும் வருடமும் என்ன? நான்கு டயரிலும் பார்க்க வேண்டும்.
5. கடை வாசலில் வெயிலில் கிடந்த டயரா? சுவரில் மயிர் போன்ற வெடிப்பு உண்டா?
6. உத்தரவாத அட்டை தருவார்களா? பழுதென்றால் மலைநாட்டில் உள்ள முகவரிடமும் காட்டலாமா?

ஆறாவது கேள்வி நமக்கு மிக முக்கியம். யாழ்ப்பாணத்தில் வாங்கிய டயருக்காக ஹற்றனிலிருந்து மறுபடி யாழ்ப்பாணம் போக முடியாது. உள்நாட்டு ஆலையின் டயரை விற்கும் முகவர்கள் நாடெங்கும் இருப்பது இந்த விடயத்தில் நமக்கு வசதி. பில்லில் டயரின் பெயர், அளவு, இலக்கம் எழுதி வாங்குங்கள். வெறும் "டயர் 2" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

பழைய டயரில் புதுப் பூ ஒட்டிய ரீபில்ட் டயரையும் காட்டுவார்கள். நல்ல உடல் உள்ள டயரில், நல்ல இடத்தில் செய்த ரீபில்ட் பின் சக்கரத்துக்கு ஓரளவு உதவும். முன் சக்கரத்துக்குப் போடாதீர்கள். முன்னால் வெடித்தால் ஸ்டேரிங் கையில் நிற்காது.

விலையை இப்படிப் பாருங்கள்

கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். ஒரு டயர் 24,000 ரூபா. 25,000 கிலோமீற்றர் ஓடுகிறது. இன்னொன்று 30,000 ரூபா. 40,000 கிலோமீற்றர் ஓடுகிறது. முதலாவதுக்குக் கிலோமீற்றருக்கு 96 சதம். இரண்டாவதுக்கு 75 சதம். விலை கூடியதுதான் இங்கே மலிவு. உள்நாட்டு டயரையும் இறக்குமதி டயரையும் ஒப்பிடும்போது இப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்கு, டயர் போட்ட அன்றே மீற்றரில் உள்ள எண்ணைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். கூட்டாக வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிறகு "நீதான் தேய்ச்ச" என்ற சண்டை வராது.

எப்போது மாற்றுவது? பூவின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழையில் மலை இறக்கம் இறங்கும் நாம் அதுவரை காத்திருக்கக் கூடாது. மழைத் தண்ணீரைப் பள்ளம்தான் வெளியே தள்ளுகிறது. பள்ளம் ஆழம் குறைந்தால் பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கும்.

கழித்த டயரை என்ன செய்வது

லயத்துக்குப் பின்னால் போட்டுவிடாதீர்கள். டயருக்குள் நிற்கும் ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், டெங்கு நுளம்பு முட்டையிட. யாழ்ப்பாணத்திலும் மழைக்காலம் வந்தால் டெங்கு பெரும் தொல்லை. வண்டி போகும் இரண்டு முனையிலும் இந்தக் கவனம் வேண்டும். எரிக்கவும் கூடாது. அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கெடுதி. டயர்க் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் துளையிட்டுத் தண்ணீர் வடியச் செய்து, கூரைக்குள் வையுங்கள்.

பயிற்சி

வாசிப்பு வட்டங்களில் இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. உங்கள் லயத்தில் நிற்கும் வண்டி ஒன்றின் டயரில் வாரமும் வருடமும் கண்டுபிடியுங்கள். அதன் வயது என்ன?
2. அந்த டயரின் பெயர் எந்த நாட்டுக் கொம்பனியுடையது? டயர் பிறந்த நாடு எது? இரண்டும் ஒன்றா?
3. பார எண் 104 உள்ள ஒற்றை டயர் இரண்டு பின் அச்சில் இருந்தால் எத்தனை கிலோ தாங்கும்?
4. 1990களில் யாழ்ப்பாண மக்களுக்கு வந்த தட்டுப்பாடு எந்த வகையில் 2020இல் நமக்கும் வந்தது?

மூன்றாவது கேள்விக்கு விடை 1,800 கிலோ. மற்றவற்றுக்கு விடை உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. வண்டி வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கொடுக்குமுன் நான்கு டயரையும் மேலதிக டயரையும் இந்தப் பாடத்தின்படி பார்த்துவிடுங்கள். ஐந்தும் போனதென்றால், வண்டி விலையில் அந்தத் தொகையைக் குறைத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. சந்தேகம் இருந்தால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.